காஞ்சிக்கு ஒரு படநூல்: மனச்சோர்வை வரைந்து சொல்வது பற்றி

காஞ்சிபுரம் வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றில் நடப்பவர் ஒரு வரலாற்றை நடந்தபடியே படிக்கிறார். எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மப் பல்லவன் எழுப்பிய கோயில் அது. இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசில்லாமல் இறக்கிறான். நாட்டுப் பெரியவர்கள் பல்லவக் கிளை வழியினனான இரணியவர்மனைத் தேடிப் போகிறார்கள். அவனுடைய மூத்த பிள்ளைகள் தயங்க, பின்னாளில் நந்திவர்மனான 12 வயதுப் பல்லவமல்லன் முன்வருகிறான். இவ்வளவும் கட்டம் கட்டமாகப் புடைப்புச் சிற்பத்தில் இருக்கிறது. சில கட்டங்களின் கீழே, நடப்பது என்னவென்று சொல்லும் கல்வெட்டு வரியும் உண்டு. சி. மீனாட்சி இந்தச் சிற்பங்களை ஒவ்வொன்றாக விளக்கிய நூல் 1941இல் வந்தது. ஊரின் மறுபக்கம், வேகவதிக்கு அப்பால் திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலிலும் இதே முறைதான். அங்கே மண்டப விதானத்தில் தீர்த்தங்கரர் வாழ்க்கை வண்ணத்தில் விரிகிறது, படத்தோடு எழுத்தும் ஓடுகிறது. படமும் ஒரு வரி எழுத்தும் சேர்ந்து கதை சொல்வது காஞ்சிக்கு இறக்குமதிச் சரக்கு அல்ல.

மனச்சோர்வோடு வாழ்வதைப் படமும் சில வரிகளுமாகச் சொல்லும் நூல்கள் இந்த நூற்றாண்டில் உலகெங்கும் பெருகியிருக்கின்றன. அவை என்ன செய்தன, யாருக்கு உதவின, காஞ்சிபுரத்துத் தறிவீட்டுக்கு அப்படி ஒரு நூல் வருமானால் எப்படி இருக்க வேண்டும் என்பதே இங்கு ஆராயும் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நூல் வரைய வேண்டியது தனி மனிதனின் உள்ளே புகுந்த ஒரு மிருகத்தை அல்ல; அவன் உட்கார்ந்திருக்கும் அறையை, அவனைச் சுற்றி நடமாடும் வீட்டாரை, அந்த வீட்டின் கடனை.

இவ்வகை நூல்களில் மிகப் பெயர்பெற்றது ஆஸ்திரேலியரான மேத்யூ ஜான்ஸ்டன் எழுதி வரைந்த 'ஐ ஹேட் எ பிளாக் டாக்'. 2005இல் வந்தது. விளம்பரத் துறையில் இருந்த ஜான்ஸ்டன், தன்னைப் பல ஆண்டுகள் பீடித்த மனச்சோர்வை ஒரு கறுப்பு நாயாக வரைந்தார். விருந்துக்குப் போனால் அதுவும் கூட வரும், சாப்பிட உட்கார்ந்தால் பசியைத் தின்றுவிடும், படுத்தால் மேலே ஏறிப் படுக்கும். மூன்றாண்டுகள் கழித்து, மனைவி ஐன்ஸ்லியோடு சேர்ந்து, நோயாளியைக் கவனித்துக்கொள்பவர்களுக்காக இன்னொரு நூல் செய்தார். 2012இல் உலக சுகாதார நிறுவனம் முதல் நூலை ஒரு சிறு அசைபடமாக்கியது. வீட்டில் மறைத்து வைத்த ஒன்றைப் பலரால் பெயர் சொல்லிப் பேச முடிந்ததில் அந்த நூலுக்குப் பெரும் பங்கு உண்டு.

மைக்கேல் ரோசன் எழுத, குவென்டின் பிளேக் வரைந்த 'சேட் புக்' 2004இல் வந்தது. மூளைக்காய்ச்சலில் பறிபோன ரோசனின் மகனைப் பற்றியது அது. முதல் பக்கத்தில் ஒருவர் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். அது சிரிப்பே இல்லை, துக்கத்தை மறைக்கும் முகம் என்று எழுத்து சொல்கிறது. படம் ஒன்று சொல்ல எழுத்து வேறு சொல்லும் இந்த இடத்தில்தான் படநூலின் வலிமை இருக்கிறது. வெறும் எழுத்தில் இதைச் செய்ய ஒரு பத்தி வேண்டும். ஷான் டானின் 'தி ரெட் ட்ரீ' 2001இல் வந்தது. நோயின் பெயரே இல்லாமல், ஒரு சிறுமியின் நாள் மேலும் மேலும் கனப்பதை மட்டும் காட்டுகிறது. அமெரிக்கரான ஆலி பிராஷ் 2013இல் நூலாக்கிய படக்கதைகளில், அழுகையும் வராமல் எதுவும் உறைக்காமல் போகும் நிலை மிகத் துல்லியமாக வந்திருக்கிறது. மனச்சோர்வு என்றால் சோகம் என்று நினைப்பவர்கள் அந்தப் பக்கங்களைப் பார்க்க வேண்டும். 2007இல் வேல்ஸ் நாட்டு மருத்துவர் இயன் வில்லியம்ஸ் இந்த வகைக்கு 'கிராபிக் மெடிசின்' என்று பெயரிட்ட பிறகு, மருத்துவக் கல்லூரிகளிலும் இவை பாடமாகத் தொடங்கின.

இந்த நூல்களால் நோய் குறையுமா என்பது வேறு கேள்வி. நல்ல நூல் என்பதற்காக நல்ல மருந்து என்று சொல்லிவிட முடியாது. சோதித்துப் பார்க்கப்பட்ட ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய 'செல்ஃப் ஹெல்ப் பிளஸ்' என்ற பயிற்சி, ஒலிப்பதிவும் ஒரு படநூலும் சேர்ந்தது. எழுத்து குறைவு, படம் அதிகம். வட உகாண்டாவின் ரைனோ முகாமில் இருந்த 694 தெற்கு சூடான் அகதிப் பெண்களிடம் இதை ஆராய்ந்தார்கள்; பயிற்சி பெற்றவர்களிடம் மன உளைச்சல் குறைந்ததை 2020இல் வெளியான முடிவுகள் காட்டின. அந்த ஆண்டே படநூலும் தனியாக வெளிவந்தது. அதிகம் படிக்காதவர்களுக்கென்றே வரைந்த நூல், மருத்துவர் இல்லாத இடத்தில், சிறு பயிற்சி பெற்ற ஒருவர் துணையோடு. நூல் தனியாக வேலை செய்யவில்லை, கூட உட்கார ஓர் ஆள் இருந்தார் என்பதை மறக்கக் கூடாது.

இனி நம் பக்கம். சென்னையில் 25,455 பேரிடம் நடத்தி 2009இல் வெளியான ஆய்வில், 15.1 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. வருமானம் குறைந்தவர்களிடம் அது 19.3, கூடியவர்களிடம் 5.9. இந்த ஆய்வைச் செய்தது ஒரு நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் என்பதையும் கவனிக்க வேண்டும். சர்க்கரையைத் தேடிப் போன இடத்தில் மனச்சோர்வும் உட்கார்ந்திருந்தது. பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், மனச்சோர்வு உள்ளவர்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் சிகிச்சைக்கு வெளியே இருந்தார்கள். சிகிச்சை இல்லாததால் அல்ல. தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது, அரசு மருத்துவமனைகளில் மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் இது ஒரு நோய் என்றும், இதற்கு அங்கே போகலாம் என்றும் வீட்டில் ஒருவருக்குத் தோன்ற வேண்டும். படநூல் தொட வேண்டிய இடம் அதுதான்.

காஞ்சியின் பிள்ளையார்பாளையத்துத் தறிவீட்டில் இந்த நோய் எப்படித் தெரியும்? யாரும் "எனக்கு மனச்சோர்வு" என்று வந்து சொல்வதில்லை. "ஒடம்பு ஓய்ஞ்சு போச்சு", "நெஞ்சு படபடன்னு அடிக்குது", "ராத்திரியில தூக்கமே இல்ல", "எதுலயும் மனசு ஒட்டல". முதலில் போவது பொது மருத்துவரிடம். சத்து ஊசி போடச் சொல்வார்கள், முதுகுவலிக்கு மாத்திரை கேட்பார்கள். குழித்தறியில் கால் தொங்கவிட்டு, குனிந்தபடி நாள் முழுக்க உட்காருபவருக்கு முதுகுவலி இருக்கத்தான் செய்யும். அதனால் அந்த வலிக்குப் பின்னால் வேறு எதையும் தேட யாருக்கும் தோன்றுவதில்லை. அக்கம்பக்கத்தாரோ "சோம்பேறி" என்பார்கள், "யாரோ செஞ்சு வச்சுட்டாங்க" என்பார்கள், பையன் என்றால் "ஒரு கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடும்" என்பார்கள்.

தறிவேலை பெரும்பாலும் கூலி நெசவு. சேலை இறங்கினால்தான் கூலி. கோர்வைச் சேலை என்றால், உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடி வரிக்கு வரி பின்னிக்கொள்ள வேண்டும். பழைய முறையில் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளித் தர வேண்டும். ஒருவரின் கை தளர்ந்தால் இருவரின் வேலை நிற்கிறது. கவனம் சிதறுவது மனச்சோர்வின் முக்கிய அறிகுறிகளில் ஒன்று; கோர்வையில் அது பிழையாக விழும், பிழை கூலிக் கழிவாக வரும், கழிவு கடனாக ஏறும். சங்கத்திலோ முதலாளியிடமோ வாங்கிய முன்பணம் ஏற்கெனவே இருக்கும். இந்த முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகள் தறியில் உட்கார்ந்த காலம் வெகு தூரத்தில் இல்லை. 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட, இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைச் சிறார் பற்றிய அறிக்கையில் காஞ்சிபுரம் இடம்பெற்றது. அன்று தறியில் இருந்த பிள்ளைகள் இன்று குடும்பத் தலைவர்கள். இந்திய அளவில் கைத்தறித் தொழிலாளர் எண்ணிக்கை 2009-10இல் 43.31 லட்சமாக இருந்து, 2019-20 கணக்கெடுப்பில் 35.22 லட்சமானது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைப் பேருந்துகள் விடியற்காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகின்றன. தறியில் மிஞ்சியிருப்பவர்கள் பெரும்பாலும் நடுவயது தாண்டியவர்கள்.

வீட்டுப் பெண்களின் நிலை இன்னும் மறைவானது. ராட்டையில் தார் சுற்றுவதும் நூலைப் பிரித்துக் கொடுப்பதும் அவர்கள் வேலை. அதற்குத் தனிக் கூலி இல்லை, ஆகவே நின்றாலும் கணக்கில் தெரியாது. பேறுகாலத்துக்குப் பின் வரும் சோர்வு தாய்வீட்டிலேயே தொடங்கி, 'பச்சை உடம்பு' என்ற பேச்சில் அடங்கிவிடும். ஒரு படநூல் இவளை முதல் பக்கத்தில் வைக்காவிட்டால் அது பாதி வீட்டுக்குத்தான் எழுதப்பட்டதாகும்.

இங்கேதான் கறுப்பு நாய் எனக்கு உதவவில்லை. ஆங்கிலத்தில் அந்த உருவகத்துக்கு நீண்ட மரபு உண்டு. சாமுவேல் ஜான்சன் முதல் சர்ச்சில் வரை அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நமக்கு நாய் பைரவர் வாகனம், தெருவில் படுத்திருக்கும் துணை. அதை விடவும் முக்கியமான காரணம் இருக்கிறது. உள்ளே ஒரு பிராணி புகுந்துகொண்டது என்று வரைந்தால், 'பிடித்திருக்கிறது' என்ற பழைய எண்ணத்துக்கே படம் போட்டதாகும். அடுத்து ஓட்டுவதற்கு ஆள் தேடுவார்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டது இந்த எண்ணத்தின் கடைசி எல்லை.

நெசவு ஊர் என்பதால் 'அறுந்த இழை', 'சிக்கலான நூல்' என்று வரையும் ஆசையும் வரும். வெளியூர் ஓவியர் எவரும் முதல் நாளே அதைத்தான் வரைவார். நெசவாளருக்கு அது பொருந்தாது. இழை அறுவது அவருக்குத் தினசரி வேலை; விரலால் முறுக்கி ஒட்டிவிட்டு அடுத்த நொடி நாடாவை எறிவார். மனச்சோர்வை அப்படிக் காட்டினால், 'இதுவும் ஒரு நொடி வேலைதானே, ஏன் எழுந்திருக்கவில்லை' என்ற பழிச்சொல்லுக்குத்தான் இடம் கொடுப்போம்.

உருவகம் இல்லாமலே வரையலாம். காஞ்சியின் நெசவுத் தெருவில் அதிகாலையில் பாவு நீட்டுவார்கள். பட்டு இழைகளைத் தெரு நெடுக இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, இழை ஒட்டாமல் பிரித்துவிட்டு, வெயில் ஏறும் முன் சுருட்ட வேண்டும். நாலைந்து வீட்டார் கை கொடுத்தால்தான் நடக்கும். முதல் கட்டத்தில் தெருவில் எல்லோரும் நிற்கிறார்கள். இரண்டாவதில் ஒரு திண்ணை காலி. மூன்றாவதில் உள்ளே தறிக்குழியின் விளிம்பில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், கால் இன்னும் இறங்கவில்லை, தறியில் பாதி நெய்த சேலை, அதன் மேல் போர்த்திய துணி. நாலாவதில் அதே அறை, அதே ஆள், சுவரில் நாள்காட்டித் தாள்கள் மட்டும் குறைந்திருக்கின்றன. இரண்டு வாரங்களோ அதற்கு மேலோ ஆர்வமும் தூக்கமும் பசியும் இல்லாமல் போனால் நோயாகக் கருத வேண்டும் என்ற மருத்துவ அளவுகோலை இந்த நாலு கட்டம் சொல்லிவிடும்.

மீளும் வழியையும் இப்படியே காட்டலாம். கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் பட்டேல் குழுவினர் மருத்துவப் பட்டம் இல்லாத ஆலோசகர்களுக்குப் பயிற்சி தந்து, ஆறு முதல் எட்டு அமர்வுகளில் ஒரு சிகிச்சை கொடுத்தார்கள். மனம் வரும் வரை காத்திராமல், சிறு சிறு செயல்களை நாளுக்குள் திரும்பக் கொண்டுவருவது அதன் சாரம். மூன்று மாத முடிவில் இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 64 விழுக்காட்டினர் தேறினார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39. இந்த முடிவு 2017இல் லான்செட் இதழில் வந்தது. தறிவீட்டில் சிறு செயல் என்றால் என்னவென்று நெசவாளர்களைத்தான் கேட்க வேண்டும். முழுச் சேலை வேண்டாம். இன்று தறியின் மேல் போர்த்திய துணியை எடுப்பது, நாளை பாவு நீட்டும் இடத்துக்குப் போய் நிற்பது. மாத்திரை தேவைப்படுபவருக்கு மாத்திரையும் படத்தில் இருக்க வேண்டும், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்ற செய்தியோடு. முதல் பத்து நாளில் 'ஒண்ணும் ஆகல' என்று நிறுத்திவிடுவதுதான் நம் ஊரில் மிகுதி.

தமிழில் படக்கதைக்கு வாசகர் இல்லை என்று சொல்ல முடியாது. 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸும், பின்னால் வந்த லயன் காமிக்ஸும் சிவகாசியிலிருந்து தலைமுறைகளை வளர்த்தன. கோவை விடியல் பதிப்பகம் மர்ஜானே சத்ரபியின் 'பெர்சேபோலிஸ்' நூலைத் தமிழில் இரு பகுதிகளாகக் கொண்டுவந்தது. அதன் இரண்டாம் பகுதியில், தெஹ்ரானுக்குத் திரும்பிய மர்ஜி மனச்சோர்வில் விழுந்து, மருத்துவர்களிடம் அலைந்து, உயிரை விடவும் துணிந்து மீளும் பக்கங்கள் உள்ளன. ஈரான் அரசியலுக்காக வாசிக்கப்பட்ட நூலில் அந்தப் பக்கங்கள் நம்மிடையே பேசப்படாமல் போனது வருத்தம். ஈழத்துப் போரில் சிக்கிய ஒரு குடும்பத்தைப் பற்றிய 'வன்னி' 2019இல் ஆங்கிலத்தில் வந்தது. பெஞ்சமின் டிக்ஸ் தப்பி வந்தவர்களிடம் கேட்டெழுதியதை லிண்ட்சே போலக் வரைந்தார். சொன்னவர்களின் வாக்கிலிருந்தே வரையும் அந்த முறையைக் காஞ்சி நூலும் பின்பற்ற வேண்டும் என்பேன்.

நம் புனைவு இந்த இடத்தைத் தொடாமல் இல்லை. கும்பகோணத்தில் பிறந்து பட்டு ஜரிகை வணிகம் செய்த எம்.வி. வெங்கட்ராம், தனக்குள் கேட்ட குரல்களை 'காதுகள்' நாவலாக்கி 1993இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். அது வேறு நோய்தான். ஆனால் கடனும் பிள்ளைகளும் நிறைந்த ஒரு வீட்டுக்குள் நோய் எப்படிக் குடியிருக்கிறது என்று காட்டியதில் அவருக்கு முன்னோடி இல்லை. பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' படத்தில் பிரகாஷ்ராஜ் நடித்த நெசவாளன் கடைசியில் சித்தம் கலங்கி நிற்கிறான். நெஞ்சை உலுக்கும் முடிவு, மறுக்கவில்லை. ஆனால் நிஜ வீடுகளில் நோய் கதையின் முடிவில் வருவதில்லை. நடுவில் வருகிறது. அதன் பிறகும் பத்து வருடம், இருபது வருடம் சேலை நெய்ய வேண்டியிருக்கிறது, பெண்ணுக்குக் கல்யாணம் பண்ண வேண்டியிருக்கிறது.

கோயிலை இந்த நூல் எப்படி வரைய வேண்டும்? கார்த்திகை ஞாயிறுகளில், குறிப்பாகக் கடை ஞாயிறன்று, கச்சபேசுவரர் கோயிலில் மண்சட்டியில் மாவிளக்கு ஏற்றித் தலையில் சுமந்து வலம் வருவார்கள். தலை சம்பந்தமான நோய் நீங்கும் என்பது நம்பிக்கை. அந்தக் கூட்டத்தில் சூடு தாங்கத் துணிச்சும்மாடு வைத்து, ஒருவர் சட்டியை மற்றவர் கை தாங்கிப் பிடிக்க நடப்பவர்களைப் பார்த்தால், அதை மூடநம்பிக்கை என்று ஒரு கோடு போட்டு அடிக்க எனக்கு மனம் வராது. மாதக்கணக்கில் வீட்டை விட்டு இறங்காதவரையும் அன்று நாலு பேர் குளிக்க வைத்து அழைத்து வருகிறார்கள். ஆகவே நூலில் அந்த விளக்கும் இருக்கட்டும், அடுத்த கட்டத்தில் அதே குடும்பம் அரசு மருத்துவமனை வரிசையில் நிற்கட்டும். ஒன்றை விட்டால்தான் மற்றது என்று கட்டாயப்படுத்தினால், விடப்படுவது மருத்துவமனையாகத்தான் இருக்கும்.

வரைய ஆள் உண்டா என்றால், காஞ்சியில் அந்தக் கவலை வேண்டாம். கோயில் தூணில் உள்ள யாளியையும் அன்னத்தையும் கட்டம் போட்ட தாளில் இறக்கி, எந்தக் கட்டத்தில் எந்த இழை எழும்ப வேண்டும் என்று குறித்து, ஜக்காடு அட்டையில் துளை போடத் தருபவர்கள் இங்கே இருக்கிறார்கள். ஒரு கட்டம் தவறினால் கரை முழுவதும் தவறும் என்று அறிந்த கை அது. நெசவாளர் சேவை மையங்களில் பணியாற்றிய ஆதிமூலமும் வீர சந்தானமும் தமிழ் இதழ்களுக்கும் நூல்களுக்கும் வரைந்தவர்கள் என்பதையும் நினைவில் கொள்ளலாம். தறிக்கு வரைவதும் பக்கத்துக்கு வரைவதும் ஒரே கையில் இருந்த மரபு நமக்கு உண்டு.

சில எச்சரிக்கைகள் விடக் கூடாதவை. தற்கொலை எண்ணம் இந்த நோயின் பகுதி, ஆகவே நூலில் வர வேண்டும். ஆனால் வழிமுறை எதுவும் படத்தில் தெரியக் கூடாது. அதை வரைந்து காட்டுவது ஆபத்து என்பது ஊடகங்களுக்கான உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதலிலேயே உள்ளது. 'சாகணும்போல இருக்கா?' என்று நேராகக் கேட்பதால் எண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது, கேட்கலாம், கேட்க வேண்டும் என்பதை ஒரு முழுப் பக்கத்தில் காட்டலாம்: அடுப்படியில் ஒரு அக்கா தம்பியிடம் கேட்கிறாள், அவ்வளவுதான். 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய சிநேகா அமைப்பின் வேலையே இப்படிக் கேட்டுக்கொள்வதுதான். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் உளைச்சலில் இருந்தவராகக் கருதி, வழக்கும் தண்டனையும் இல்லாமல் காப்பதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உறுதி செய்திருக்கிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மருத்துவமனைக்குப் போகாத குடும்பங்களுக்கு இந்த ஒரு செய்தி போய்ச் சேர்ந்தாலே போதும்.

புத்தகக் கடையில் வைத்தால் இந்த நூல் தறிவீட்டுக்குப் போகாது. கூலி வாங்கக் கூட்டுறவுச் சங்கத்துக்கு நெசவாளர் வருகிறார், அங்கே இருக்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். அவர்கள் பையில் இருப்பது இன்னும் நல்லது. கடைசிப் பக்கத்தில் 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி மனநலச் சேவையின் 14416 எண்ணைப் பெரிதாக அச்சிட வேண்டும். அதன் கீழே ஒரு கட்டத்தை வெறுமையாக விட வேண்டும். அருகிலுள்ள மருத்துவமனையில் மனநல மருத்துவர் எந்தக் கிழமை, எந்த அறையில் பார்க்கிறார் என்று எழுத. அதை அச்சகம் நிரப்பக் கூடாது. நூலைக் கொண்டுவருபவர் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பேனாவை எடுத்து, தன் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும்.